ஓதிய தண்ணீரும் கொடுக்கப்படாத மாத்திரையும்



சில மாதங்களுக்கு முன் நம் ஊரில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியின் ஜனாஸாவில் கலந்துகொண்டோம். மையவாடியிலிருந்து திரும்பும்போது எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: ‘அல்லாஹ்வின் நாட்டம், நாம் என்ன செய்ய முடியும்?’ அல்லாஹ்வின் நாட்டமின்றி ஓர் இலையும் உதிர்வதில்லை என்பது நம் ஈமான். ஆனால் அன்று அந்தச் சொல்லை நாம் ஈமானோடு சொன்னோமா, அல்லது நம் குற்றத்தை மறைக்கும் திரையாகப் பயன்படுத்தினோமா? இந்தக் கேள்வி இன்றுவரை நம்மை உறங்கவிடவில்லை.

அந்தச் சிறுமிக்கு ஏழு வயது முதல் வலிப்பு நோய் இருந்தது. மருத்துவர் கொடுத்த மாத்திரையால் ஏறத்தாழ ஓராண்டாக வலிப்பு வரவில்லை. அப்போது உறவினர் ஒருவர், இது நோயன்று, ஜின்னின் வேலை என்றார். ஓதிப் பார்ப்பவர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். தாயத்து கட்டினார், பீங்கான் எழுதிக் கொடுத்தார், ஓதிய தண்ணீரை நாற்பது நாள் குடிக்க வேண்டும் என்றார். அதோடு நில்லாமல், மாத்திரையும் ஓதிய தண்ணீரும் ஒன்றாக உடலில் சேரக்கூடாது என்றும் கட்டளையிட்டார். மாத்திரை நின்றது. நாற்பது நாள் முடியவில்லை. ஒரு விடியற்காலையில் தொடங்கிய வலிப்பு நிற்கவே இல்லை. ஓதுபவருக்கு ஆள் அனுப்பிக் காத்திருந்தார்கள். பிறகே வண்டி தேடினார்கள். மருத்துவமனையைச் சேர்ந்தபோது காலம் கடந்திருந்தது.

மாத்திரை நிறுத்தப்பட்ட செய்தி நமக்கு முன்பே தெரியும். நோய் விசாரிக்க அவ்வீட்டிற்கு நாமும் சென்றிருந்தோம். கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, ‘மார்க்க விஷயத்தில் நாம் ஏன் தலையிட வேண்டும்’ என்று வாய்மூடித் திரும்பினோம். ஆகவே இக்கட்டுரை பிறரைக் குற்றம் சாட்ட எழுதப்படுவதன்று. குற்றவாளிகளின் வரிசையில் நாமும் நின்றுகொண்டே எழுதுகிறோம்.

ஜின்னை நாம் மறுக்கவில்லை

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். ஜின் என்னும் படைப்பு உண்டென்று குர்ஆன் கூறுகிறது, நாம் நம்புகிறோம். குர்ஆன் ஓதுவதில் நோய்க்கு ஷிஃபா உண்டு; அதையும் நம்புகிறோம். நோயுற்ற குழந்தையின் தலைமாட்டில் அமர்ந்து ஃபாத்திஹாவும் ஆயத்துல் குர்ஸியும் ஓதும் தாயைத் தடுக்க எவருக்கும் உரிமை இல்லை.

நாம் மறுப்பது வேறொன்றை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி, ‘இந்தக் குழந்தைக்கு வந்திருப்பது இதுதான்’ என்று அடித்துச் சொல்லும் அறிவு இவர்களுக்கு எங்கிருந்து வந்தது? மறைவானவற்றின் அறிவு அல்லாஹ்வுக்கே உரியது என்று மேடைதோறும் முழங்கும் நாம், ஐந்து நிமிடம் குழந்தையின் கண்ணைப் பார்த்துவிட்டு ஜின்னின் பெயரையும் ஊரையும் சொல்பவரிடம் மட்டும் எப்படி வாயடைத்துப் போகிறோம்? ஓதுதல் இபாதத். மருந்தை நிறுத்தச் சொல்வது இபாதத் அன்று. அது ஓர் உயிரோடு நடத்தும் சூதாட்டம்.

வலிப்பு என்பது என்ன?

நம் மூளை கோடிக்கணக்கான நரம்பணுக்களால் ஆனது. அவை நுண்ணிய மின்னோட்டங்களால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அவற்றுள் ஒரு கூட்டம் திடீரென ஒரே நேரத்தில் கட்டுப்பாடின்றி மின்னோட்டத்தை வெளியிட்டால் அதுவே வலிப்பு. ஒருமுறை வந்துவிட்டதாலேயே அது வலிப்பு நோய் ஆகிவிடாது. காய்ச்சல், சர்க்கரைக் குறைவு போன்ற உடனடிக் காரணமின்றி மீண்டும் மீண்டும் வரும்போதே மருத்துவர்கள் அப்பெயரைச் சொல்வார்கள். இது தொற்றுநோயன்று, பைத்தியமும் அன்று.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். முறையாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்றும் அது கூறுகிறது. பத்துப் பேரில் ஏழு பேருக்கு அல்லாஹ் ஒரு சிறு மாத்திரையில் நிவாரணம் வைத்திருக்கிறான். அதனைக் குழந்தையின் கையிலிருந்து பிடுங்குவதற்குப் பெயர் தவக்குலா?

நாம் தவறாகப் படிக்கும் முகங்கள்

விழுந்து, நுரை தள்ளி, கைகால் வெட்டியிழுப்பது மட்டுமே வலிப்பு என்று எண்ணுகிறோம். குழந்தைகளிடம் அதற்குப் பல முகங்கள் உண்டு. அவற்றை அறியாததால் சில குழந்தைகளுக்கு அடியும், சிலருக்குத் தாயத்தும் கிடைக்கின்றன.

மக்தபில் ஓதிக்கொண்டிருக்கும் சிறுவன் ஆயத்தின் நடுவே சட்டென நிற்கிறான். கண் வெறித்திருக்கிறது, இமை படபடக்கிறது. பத்து விநாடி கழித்து ஒன்றும் நடவாதது போல் ஓதத் தொடங்குகிறான். உஸ்தாதின் பிரம்பு முதுகில் விழுகிறது: ‘கவனம் எங்கே போகிறது?’ பெரும்பாலும் நான்கு முதல் பத்து வயதிற்குள் தொடங்கும் ஒருவகை வலிப்பு இப்படித்தான் வரும். ஒரே நாளில் பலமுறை வரலாம். பகற்கனவு காணும் பிள்ளையை அழைத்தால் திரும்பிப் பார்ப்பான்; இவனைத் தொட்டு உலுக்கினாலும் அந்தச் சில விநாடிகள் பதில் வராது. தன்னை ஏன் அடித்தார்கள் என்பதே அவனுக்குத் தெரியாது.

பிறந்து சில மாதங்களே ஆன குழந்தை, பெரும்பாலும் தூங்கி எழுந்த வேளையில், தலையை முன்னே சாய்த்து, கைகளைச் சட்டென விரித்துச் சுருக்குகிறது. சில விநாடி கழித்து மீண்டும், பிறகு மீண்டும். ‘பிள்ளை திடுக்கிடுகிறது, கண்ணேறு பட்டிருக்கிறது’ என்று மிளகாய் சுற்றுகிறோம். 1841ஆம் ஆண்டு வில்லியம் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் தம் சொந்த மகனிடம் இதனைக் கண்டு, செய்வதறியாது, லான்செட் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். அவர் காலத்தில் இதற்கு மருந்தில்லை. இன்று உண்டு. ஆனால் நாள்கள் வீணாக வீணாக அக்குழந்தையின் அறிவு வளர்ச்சி பாதிக்கப்படும். இது வாரக்கணக்கில் தள்ளிப்போடத்தக்கதன்று; கண்ட அன்றே கைபேசியில் படம்பிடித்து மருத்துவரிடம் ஓட வேண்டியது.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளுக்குக் கடுங்காய்ச்சலின்போது வரும் வலிப்பு வேறு. நூற்றில் இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்கு இது வருகிறது. பார்க்க அச்சமூட்டினாலும் பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும், வளர வளர மறைந்துவிடும், மூளையைக் கெடுக்காது. எனினும் முதல்முறை வந்தால் மூளைக்காய்ச்சல் இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும்.

இன்னொன்று, ரமலான் மாதத்தை உடைய நாம் சிறப்பாக அறிய வேண்டியது. பருவ வயதுப் பிள்ளைகளுக்குத் தொடங்கும் ஒருவகையில், காலை எழுந்ததும் கை தோள்கள் வெடுக்கென உதறும். பிடித்திருக்கும் கோப்பை கீழே விழும். தூக்கக்குறைவு இதனைத் தூண்டும் முதன்மையான காரணங்களுள் ஒன்று. இருபத்தேழாம் இரவு முழுக்க விழித்திருந்த மகள் மறுநாள் விழுந்தால், ‘புனித இரவில் ஷைத்தான் தீண்டிவிட்டான்’ என்று முடிவுகட்டுகிறோம். அவளைத் தீண்டியது தூக்கமின்மை. நோயாளிக்கு நோன்பில் அல்லாஹ்வே சலுகை அளித்திருக்கிறான். மாத்திரை நேரங்களை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றியமைக்கலாமா, நோன்பு வைக்கலாமா என்பதை ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டறிவதே முறை. வேளை தவறவிட்டுவிட்டுப் பிறகு வருந்துவதில் பயனில்லை.

‘நாம்தாம் பன்றி உண்பதில்லையே!’

மருத்துவர் படமெடுத்துப் பார்த்துவிட்டு, மூளையில் நாடாப்புழுவின் கட்டி இருக்கிறது, அதனால்தான் வலிப்பு என்று சொன்னால், நம் வீடுகளில் அது மானப்பிரச்சினையாகிவிடுகிறது. ‘பன்றி இறைச்சியில் உள்ள புழு நம் பிள்ளைக்கு எப்படி வரும்? மருத்துவருக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்று கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

மருத்துவருக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியவில்லை. பன்றி இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் உண்பவரின் குடலில் நாடாப்புழு வளரும். அவரது மலத்தில் அதன் முட்டைகள் வெளியேறும். அந்த முட்டைகள் கழுவாத கீரையிலோ, மாசுபட்ட நீரிலோ, சமைப்பவரின் கழுவாத கையிலோ சேர்ந்து வேறொருவர் வயிற்றுக்குள் போனால்தான் மூளையில் கட்டி உண்டாகும். அந்த இரண்டாமவர் வாழ்நாளில் பன்றியைக் கண்டிருக்கவே வேண்டியதில்லை. நியூயார்க் நகரில் பன்றி உண்ணாத ஆசாரமான யூதக் குடும்பங்களில் இந்நோய் காணப்பட்டதை 1992ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்திருக்கிறது. நம் நாட்டில் குழந்தைகளின் வலிப்பிற்கு இது முக்கியமான காரணங்களுள் ஒன்று. ஹலாலான உணவு நம்மைப் பல தீமைகளிலிருந்து காக்கிறது. கழுவாத கீரையிலிருந்து அது நம்மைக் காக்காது. தூய்மையை ஈமானோடு இணைத்த மார்க்கத்தில் இருந்துகொண்டு, கை கழுவுவதை விட்டுவிட்டு மருத்துவரோடு சண்டையிடுகிறோம்.

பிறர் உடலில் நாம் செய்யும் பொறுமை

இனி மார்க்கத்தின் பேரால் வைக்கப்படும் வாதத்திற்கு வருவோம். ‘வலிப்பு வந்த பெண்ணிடம் பொறுமையாக இருந்தால் சுவர்க்கம் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லவில்லையா? பிறகு மருந்து எதற்கு?’ என்று கேட்கிறார்கள்.

இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் அந்த நிகழ்ச்சி புகாரியில் உள்ளது. ஒரு பெண்மணி நபியவர்களிடம் வந்து, தமக்கு வலிப்பு வருவதாகவும், அப்போது தம் ஆடை விலகிவிடுவதாகவும் கூறி, துஆச் செய்யுமாறு வேண்டினார். விரும்பினால் பொறுத்துக்கொள்ளலாம், அதற்குச் சுவர்க்கம் உண்டு. விரும்பினால் குணமடைய துஆச் செய்கிறேன் என்று நபியவர்கள் இரு வழிகளைக் காட்டினார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார். ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ வேண்டினார். நபியவர்களும் அவ்வாறே செய்தார்கள்.

இதனைச் சற்று நிதானமாகப் படியுங்கள். இவ்வறிவிப்பில் ஜின் என்ற சொல்லே இல்லை. அப்பெண்ணை எவரும் அடிக்கவில்லை, கட்டிவைக்கவில்லை, மிளகாய்ப் புகை காட்டவில்லை. அவர் தம் நோயைத் தாமே வெளிப்படையாகச் சொன்னார். ஒருவரும் அவரை இழிவாகக் கருதவில்லை. அவருடைய கவலை தம் மானத்தைப் பற்றியது. நபியவர்கள் அந்த மானத்தைக் காக்கவே துஆச் செய்தார்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது: தேர்வு அவருடையது. அவர் வளர்ந்தவர், தம் உடலுக்கான முடிவைத் தாமே எடுத்தார்.

உங்கள் வீட்டு ஐந்து வயதுக் குழந்தையிடம் எவரேனும் கேட்டீர்களா? அடிபடுவது அதன் தலை. கடிபடுவது அதன் நாக்கு. வீணாவது அதன் படிப்பு. இவ்வளவையும் அதற்குக் கொடுத்துவிட்டு, ‘நாங்கள் ஸப்ர் செய்கிறோம்’ என்று பெற்றோர் சொல்வது என்ன நியாயம்? தன் துன்பத்தைத் தாங்குவதற்குப் பெயர் பொறுமை. பிறர் துன்பத்தைத் தீர்க்க வழியிருந்தும் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பொறுமை என்று பெயரில்லை.

மருத்துவம் செய்யுமாறு ஏவியவர்கள் அதே நபியவர்கள்தாம். முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியிருப்பதாக அவர்கள் அறிவித்தது அபூதாவூதில் உள்ளது. மருத்துவ அறிவு இல்லாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற எச்சரிக்கையும் அந்நூலில் உள்ளது. மாத்திரையை நிறுத்தச் சொன்னவர்கள் இந்த எச்சரிக்கையை ஒருமுறையேனும் ஓதிப் பார்த்தார்களா?

நம் முன்னோர் இவ்வளவு பின்தங்கியிருக்கவில்லை. 1037இல் மறைந்த இப்னு சீனா தம் ‘அல்கானூன்’ நூலில் வலிப்பைத் தலையைச் சார்ந்த நோய்களுள் ஒன்றாக வைத்து விரிவாக எழுதினார். ஜின்னின் தீண்டலை நம்பிய இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்களும், வலிப்பில் இரு வகை உண்டு, ஒன்று மருத்துவர்கள் ஆராய்ந்து சிகிச்சை அளிக்கும் உடல்நோய் என்று ‘ஸாதுல் மஆத்’தில் பிரித்துக் காட்டினார். நாமோ எல்லாவற்றையும் ஒரே வகையாக்கிவிட்டோம். அதுவும் மருத்துவர் தேவைப்படாத வகையாக!

அதன் விலையை நாம் முன்பே கண்டிருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கொட்டகைத் தீயில் தப்பி ஓட வழியின்றி உயிரிழந்தார்கள். அவர்களும் ‘பிடித்திருப்பது நீங்கட்டும்’ என்று நெருங்கியவர்களால் கொண்டுவந்து விடப்பட்டவர்களே. அந்தச் சங்கிலிகள் அறுந்துவிட்டன என்று எண்ணுகிறோம். மூளை நோயை நோயென்று ஏற்க மறுக்கும் மனத்தின் சங்கிலி இன்னும் நம் வீடுகளில் கிடக்கிறது.

செய்ய வேண்டியவை

வலிப்பு வரும்போது இரும்புச் சாவியைக் கையில் திணிக்காதீர்கள். சாவிக்கும் மூளைக்கும் தொடர்பில்லை. பெரும்பாலான வலிப்பு சில நிமிடங்களில் தானாக நிற்கக்கூடியது என்பதால் சாவி பெயர் வாங்கிக்கொள்கிறது. வாயில் கரண்டியோ துணியோ விரலோ தண்ணீரோ, ஓதிய தண்ணீரேயானாலும், வைக்காதீர்கள், மூச்சடைத்துவிடும். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் மெத்தென்று ஏதேனும் வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். விலகிய ஆடையைச் சரிசெய்யுங்கள், அது நபிவழி. கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மீண்டும் வந்தாலோ 108ஐ அழையுங்கள். அப்போது ஓதுங்கள், வண்டியில் ஏறியபடி ஓதுங்கள்.

முடிந்தால் ஒருவர் கைபேசியில் படமெடுக்கட்டும். மருத்துவருக்கு நூறு வார்த்தை விளக்கத்தைவிட அரை நிமிடக் காட்சி உதவும். என்று வந்தது, எவ்வளவு நேரம், முந்தைய இரவு தூங்கினானா, மாத்திரை தவறியதா என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.

மாத்திரையை ஒருநாளும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு வராதிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த மாத்திரையே. வழக்கமாக இரண்டாண்டுகள் வலிப்பின்றிக் கழிந்தபின் மருத்துவரே ஆராய்ந்து, சிறிது சிறிதாகக் குறைப்பார். திடீரென நிறுத்தினால் நில்லாத தொடர் வலிப்பு வரலாம். நாம் மையவாடிக்குச் சுமந்து சென்ற அந்தச் சிறுமிக்கு நேர்ந்தது அதுதான். குப்பி மாத்திரையின் உறை ஹலாலா என்ற ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் வேறு வடிவம் கேளுங்கள். ஐயத்தோடு மருந்தை அலமாரியில் பூட்டிவைக்காதீர்கள். இவற்றுள் பல மருந்துகள் விலை குறைந்தவை. அரசு மருத்துவமனைகளில் விலையின்றியே கிடைக்கின்றன. வறுமை இங்கே பெரிய தடையன்று, வெட்கமே தடை.

மறைப்பது யாருக்காக?

‘வெளியே தெரிந்தால் நாளை நிக்காஹ் எப்படி நடக்கும்?’ என்று எட்டு வயது மகளின் நோயைப் பள்ளிக்கும் மறைக்கிறோம். ஆசிரியைக்குத் தெரியாததால் வகுப்பில் விழும்போது பாதுகாக்க ஆளில்லை. பின்னாளில் மணமகன் வீட்டிற்கும் மறைக்கிறோம். மாமியார் கண்ணில் படக்கூடாதென்று அவள் மாத்திரையை நிறுத்துகிறாள். கர்ப்ப காலத்தில் விழுகிறாள். வலிப்பு மருந்துகளுள் சில கருவைப் பாதிக்கும் என்பதால், திருமணத்திற்கு முன்பே மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்ற வேண்டிய பெண் அவள். மறைத்ததால் அந்த வாய்ப்பையும் இழக்கிறாள்.

இந்நாட்டின் இந்துத் திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு நோய் திருமணத்திற்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999இல் அச்சொல் நீக்கப்பட்டது. நம் ஷரீஅத்தோ வலிப்பு நோயாளியின் நிக்காஹை ஒருபோதும் தடுத்ததில்லை. தடுப்பது நம் கூடத்தில் அமர்ந்து சம்பந்தம் பேசும் பெரியவர்கள். மறைப்பவரைக் கண்டிக்குமுன், சொன்னவரை நாம் எப்படி நடத்தினோம் என்று கேட்டுக்கொள்வோம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டில் ஒரு ஜும்ஆவிலேனும் இதைப் பற்றிப் பேசச் செய்யுங்கள். மக்தப் உஸ்தாத்மார்களுக்கு ஒரு மருத்துவரைக் கொண்டு ஒரு மணி நேர விளக்கம் கொடுங்கள்; பிரம்பை ஓங்குமுன் பிள்ளையின் கண்ணைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். பைத்துல்மாலிலிருந்து ஏழைக் குழந்தையின் பரிசோதனைச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆலிம் பெருமக்களே, உங்களிடம் ஓதிப் பார்க்க வரும் ஒவ்வொரு தாயிடமும் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இன்று மாத்திரை கொடுத்தீர்களா, அம்மா?’ உங்கள் வாயிலிருந்து வரும் அந்த ஒரு கேள்வி நம் நூறு கட்டுரைகளைவிட அதிக உயிர்களைக் காக்கும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு போதிக்கப்பட்ட சமுதாயம் நாம். ஒட்டகத்தைக் கட்டத் தெரிந்த நமக்குக் குழந்தையைக் காக்கத் தெரியவில்லை என்றால், மறுமையில் அந்தச் சிறுமி எழுந்து, ‘என் மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள்? தெரிந்தும் ஏன் பேசாதிருந்தீர்கள்?’ என்று கேட்கும்போது நாம் என்ன சொல்வோம்? அன்றைக்கு ‘அல்லாஹ்வின் நாட்டம்’ என்ற சொல்லின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.

குழந்தைகள் நம் உடைமையல்லர். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அந்த அமானிதத்தை அறிவோடும் அன்போடும் பேணும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. நோயுற்ற நம் குழந்தைகளுக்குப் பூரண ஷிஃபாவை நல்குவானாக. ஆமீன்.